பின்அறை அடுப்பும் அக்காவின் உப்பும்

டெல்லி மோதி பாக்கில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு அறை, ஆள் திரும்பினால் இடிக்கிற ஒரு சமையலறை, பின்னால் செங்கல் பாவிய சின்ன முற்றம். அதில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். முன்அறையில் என் வீட்டுக்காரரின் அண்ணனும் அவர் சம்சாரமும் இரண்டு பெண்களும். பின்அறையில் நாங்கள் இரண்டு பேரும், பிறகு பிறந்த எங்கள் மகளும். இடம் போதவில்லை என்று அந்த வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும்.

அக்கா என்று நான் சொல்வது என் மூத்த ஓரகத்தியை. கூடப் பிறந்த அக்கா எனக்கு உண்டு, அவளை நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டது இவரை மட்டும்தான்.

அவர் கல்யாணமாகி டெல்லிக்கு வந்தபோது பத்தொன்பது வயது. வந்த மறு வருஷமே ஊரில் மாமியார் இறந்துபோனார். காரியம் முடித்துத் திரும்பும்போது இரண்டு கொழுந்தன்களையும் ரயிலில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒருவருக்குப் பதினைந்து வயது, என் வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு. 'உன் வயசுக்கு இது எதுக்கும்மா' என்று அவருடைய அப்பாவே கேட்டாராம். அக்கா இரண்டு பையன்களுக்கும் கம்பளிச் சட்டைக்கு அளவு எடுத்தாராம். நடுக் கொழுந்தன் படித்து, சர்க்கார் வேலை கிடைத்து, லோதி ரோடில் தனியாகக் குவார்ட்டர்ஸ் வாங்கிக்கொண்டு போனார். என்னுடையவருக்குப் பரீட்சை ஏறவில்லை. கரோல் பாக்கில் ஒரு பிரஸ்ஸில் மெஷின் ஓட்டினார். பிரைவேட் வேலைக்கு யார் குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள்? அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் அண்ணனுடைய சர்க்கார் குவார்ட்டர்ஸிலேயே இருந்தோம்.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அம்மா நோயாளி. பத்து வயதில் நான் கரண்டி பிடித்தேன். அறுப்பு நாளில் இருபது ஆளுக்கு ஒற்றை ஆளாகச் சமைத்திருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவேனே தவிர, குழம்பில் என்ன குறை என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

டெல்லிக்கு வந்தால், அந்த ஒன்றைத்தான் அக்கா எனக்குக் கொடுக்கவில்லை.

அவர் சமையலறையில் இன்னொருத்தர் நிற்க முடியாது. இடமும் இல்லை, அவர் விடவும் மாட்டார். காலையில் பால் டிப்போவுக்கு நான் போவேன். காய் நறுக்குவேன், தேங்காய் துருவுவேன், கோதுமையில் கல் பொறுக்கி, தலையில் வைத்துக்கொண்டு போய் மாவு மில்லில் அரைத்து வருவேன். எல்லாம் கொண்டுவந்து சமையலறை வாசலில் வைக்க வேண்டும். உள்ளே அக்கா. எட்டரை மணிக்குள் அவர் வீட்டுக்காரர் பெரியவருக்கும் என்னுடையவருக்கும் டிபன் டப்பா, தமிழ் ஸ்கூலுக்குப் போகிற இரண்டு பெண்களுக்கும் டப்பா. நாலு டப்பாவிலும் நாலு விதமாக இருக்கும். பெரியவருக்குக் காரம் ஆகாது. சின்னப் பெண்ணுக்குக் கத்தரிக்காய் ஆகாது. அவரவர் டப்பாவை அவரவர் கையில் அக்காதான் கொடுப்பார். தாளிக்கிற கரண்டியை நான் தொட்டதில்லை. ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது ரசத்துக்குத் தாளித்து வைத்தேன். வந்து பார்த்தார். திட்டவில்லை. அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு வேறு ரசம் வைத்தார்.

அன்பில்லாதவர் என்று யாரும் நினைக்கக் கூடாது. முதல் குளிர்காலத்தில் என் உதடு வெடித்து ரத்தம் வந்தபோது வெண்ணெய் தடவிவிட்டவர் அவர். எதிர்வீட்டுப் பஞ்சாபிக்கார அம்மாவிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டு வருஷா வருஷம் வீட்டுக்கே பின்னுவார். புதுக் கம்பளி வாங்க மாட்டார். பெரியவருடைய பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை வெந்நீரில் நனைத்துக் காயவைத்து, அதில் பெரிய பெண்ணுக்கு ஒன்று. அவளுக்குச் சின்னதாகிப் போனதும் பிரித்து அடுத்தவளுக்கு. என் மகள் போட்ட முதல் ஸ்வெட்டர் ஒரு காலத்தில் என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனது.

ரேஷனில் அப்போது கோதுமை கிடைக்கிற அளவுக்கு அரிசி கிடைக்காது. எதிர்வீட்டு அம்மாவுக்குச் சர்க்கரையைக் கொடுத்து அவர்கள் பங்கு அரிசியை அக்கா வாங்கி வைப்பார். அப்படியும் போதாது. எங்களுக்கெல்லாம் சோறு போட்டுவிட்டு அவர் மட்டும் இரண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் போய் உட்காருவார். கேட்டால், "எனக்கு ரொட்டிதாண்டி பிடிக்கும்" என்பார். அந்தப் பேச்சை நான் நம்பவில்லை. எல்லாருக்கும் விட்டுக்கொடுக்கிற மகராசி, எனக்கு ஒரு கரண்டியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாரே என்றுதான் எரிச்சலாக இருக்கும்.

நாலு வருஷம் பொறுத்தேன். ஒருநாள் எதிர்வீட்டு அம்மா வந்து, அவர் வீட்டு விசேஷத்துக்கு சாம்பார் செய்து தர முடியுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சிரித்துக்கொண்டே, இவள் காய் நன்றாக நறுக்குவாள், அடுப்பு இன்னும் பழகவில்லை, நானே செய்து தருகிறேன் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டார்.

எனக்கு முகம் சுட்டது. மறுநாளே சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு திரி ஸ்டவ் வாங்கினேன். போன பொங்கலுக்கு என் அண்ணன் அனுப்பிய பணம் இருந்தது. துணிப்பையில் வைத்து, மேலே முள்ளங்கிக் கட்டைப் போட்டு மூடிக் கொண்டுவந்து, பின்அறைக் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

மதியம் எல்லாரும் போன பிறகு அக்கா முன்பக்கத்துப் புல்வெளியில் வெயிலில் உட்கார்ந்து பின்னுவார். அப்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பேன். முதல் நாள் அப்பா அனுப்பிய மணத்தக்காளி வற்றலில் குழம்பு. ராத்திரி என் வீட்டுக்காரருக்குச் சத்தம் போடாமல் ஊற்றினேன். விரலை நக்கிவிட்டு, "அண்ணிக்குக் கொஞ்சம் குடேன்" என்றார். நான் கொடுக்கவில்லை.

வற்றல் குழம்பு வாசனை கதவுக்குக் கட்டுப்படுமா? அது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் அக்கா, "பின்அறை ஜன்னலத் தொறந்து வைடி, காத்து வரட்டும்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு அடுப்பு இருந்ததே தவிர, மற்றது ஒன்றும் இல்லை. உப்பு, புளி, நல்லெண்ணெய் எல்லாம் அக்காவின் சமையலறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். உப்பு ஒரு பெரிய பழுப்பு ஜாடியில் இருக்கும். முந்தானை முனையில் ஒரு கை அள்ளி முடிந்துகொண்டு வருவேன். மண்ணெண்ணெயும் அவருடைய டின்தான். தனிக்குடித்தனம் நடத்தினேன், அக்காவின் எண்ணெயில், அக்காவின் உப்பில்.

அந்தச் சமயத்தில்தான் மொட்டைக் கடுதாசி வந்தது. எங்களுக்கு இல்லை, குவார்ட்டர்ஸ் கொடுக்கிற ஆபீஸுக்கு. பெரியவர் பின்அறையை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியாது. ஆபீஸில் ஒரு சிநேகிதர் பெரியவர் காதில் போட்டார். நிரூபணமானால் வீடு போய்விடும், வேலைக்கும் கேள்வி வரும். ரிட்டயராக இன்னும் ஆறு வருஷம். பெரிய பெண்ணுக்கு அந்த வருஷம் பள்ளி இறுதிப் பரீட்சை. பெரியவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து இதைச் சொன்னார். சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

அக்கா கேட்டார்: "வந்து என்னாத்தைப் பாப்பாங்க?"

"முக்கியமா அடுப்பைப் பாப்பாங்க. அடுப்படியத் தவிர வேற அறையில அடுப்பு இருந்தா, ரெண்டு குடும்பம்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தேன். அறைக்கு வந்ததும், நாளைக்கே அதைத் தூக்கிப் பழைய சாமான் எடுக்கிற கபாடிக்காரனிடம் போட்டுவிடு என்றார். சரி என்றேன். போடவில்லை. நாலு வருஷத்துக்குப் பிறகு எனக்கென்று ஒரு அடுப்பு. எப்படிப் போடுவேன்? ஒரு மாதம் சும்மா வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. தை பிறந்தது, குளிர் குறையவில்லை. எனக்குக் கை நமநமவென்றது. ஒரு மதியம் மறுபடி பற்றவைத்தேன்.

அன்றைக்குத்தான் வந்தார்கள். கழுத்தில் மஃப்ளர் சுற்றிய வயசான அதிகாரி ஒருவர், கையில் ஃபைல். கூட ஒரு பியூன். அக்கா முன்னால் உட்காரவைத்து ரேஷன் கார்டைக் காட்டுவது கேட்டது. ஏழு பேர் பேரும் ஒரே கார்டில்தான் இருந்தது. கார்டை வைத்துச் சொல்ல முடியாது, இந்த மாதிரி நிறையப் பார்த்தாயிற்று, வீட்டைக் காட்டுங்கள் என்றார் அவர். சமையலறை பார்த்தார். முற்றம் பார்த்தார். நான் ஊதி அணைப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

ஸ்டவ்வின் மேல் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. மகள் கட்டிலில் உட்கார்ந்து தட்டில் தாளம் போடுகிறாள். நான் முந்தானையால் மறைக்கப் பார்த்தேன். புகையை எங்கே மறைப்பது? அவர் என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தார். தனி அடுப்பு இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். அவ்வளவு ஹிந்தி எனக்குத் தெரியும். பெரியவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை கண் முன்னால் வந்தது.

அக்கா பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். ஏதோ ஒரு பொய் சொல்வார் என்று நினைத்தேன். விரதம், மடி, சாமிக்குத் தனிச் சமையல் என்று என்னவாவது சொல்லலாம், அந்த ஊரில் யாருக்கு நம் வழக்கம் தெரியும்? பெரியவர் மானம் காப்பாற்ற ஒரு பொய் தப்பில்லை. ஆனால் அவர் சொன்னது வேறு. அரைகுறை ஹிந்தியில், ஆம்பளையைப் பெண்பாலாகவும் பெண்ணை ஆம்பளையாகவும் மாற்றி மாற்றி அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"சாப், எழுதுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கங்க. இது இவ குத்தம் இல்ல. என் அடுப்படியில நான் ஒருத்தரையும் நிக்க விடமாட்டேன், அப்புடி ஒரு புத்தி எனக்கு. நாலு வருஷமா இவளக் காய் நறுக்க மட்டும் வச்சிருக்கேன். இவளுக்கும் கை இருக்கு, ருசி இருக்கு. எங்க போவா? அதான் கட்டுலுக்கு அடியில அடுப்பு வாங்கி வச்சுக்கிட்டா. இவ வாடகைக்கு வந்தவ இல்ல சாப். ரோஷத்துல அடுப்பு வாங்குனவ."

அக்கா தன் குற்றத்தைத் தானே வாயால் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் ஒரு வெளி ஆளிடம்.

அந்த அதிகாரி பேனாவை மூடவும் இல்லை, மேற்கொண்டு எழுதவும் இல்லை. என்னிடம் திரும்பி, அரிசி, மாவு எல்லாம் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அங்கே என்று சமையலறையைக் காட்டினேன். அலமாரியைத் திறக்கச் சொன்னார். துணிதான் இருந்தது. உப்பு எங்கே என்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். ஈரம் பட்டு இறுகிப்போன ஒரு கை உப்பு. எண்ணெய்? அதுவும் அங்கேதான். ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய்? நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா சொன்னார்: "அதுவும் என் டின்னுதான் சாப். எண்ணெய் குறையுது, உப்பு குறையுது. எனக்குத் தெரியாதா? நான் நெரப்பி வைக்கிறேன், இவ எடுத்துக்கிறா."

அவர் சிரித்துவிட்டார். மஃப்ளரால் வாயைத் துடைத்துக்கொண்டு, வாடகைக்கு இருக்கிறவள் வீட்டுக்காரி உப்பைத் திருடி நான் பார்த்ததில்லை என்றார். தன் வீட்டில் அம்மாவுக்கும் சம்சாரத்துக்கும் இதே சண்டைதான், ஆனால் அங்கே இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்றார். எழுதினதை அடித்துவிட்டு வேறு என்னவோ எழுதினார். ஒரே குடும்பம் என்று எழுதியிருப்பதாகப் பியூன்தான் போகும்போது சொன்னான். சாப்பிட்டுப் போங்கள் என்று அக்கா சொன்னதற்கு, வேலைக்கு வந்த இடத்தில் சாப்பிடக் கூடாது என்று தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அக்கா வந்தார். இப்போது திட்டுவார், திட்டட்டும் என்று நின்றேன். அவர் இரண்டு ரொட்டி போட்ட தட்டோடு வந்து பின்அறைத் தரையில் உட்கார்ந்தார்.

"ஊத்துடி. ரெண்டு மாசமா வாசனைய மட்டும் புடிச்சிக்கிட்டு இருக்கேன்."

ஊற்றினேன். ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டார். இரண்டாவது ரொட்டியையும் முடித்தார். பிறகு, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். "எடுக்குறதுதான் எடுக்குறே, கொஞ்சம் தாராளமா எடுத்துருக்கலாம்ல?"

நான் அழவில்லை. யார் முன்னாலும் அழுகிறவள் இல்லை நான். மகள் முகத்தைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அன்று முதல் ராத்திரிச் சமையல் என் கைக்கு வந்தது. ஸ்டவ் சமையலறை மேடைக்கு ஏறியது. அக்காவுக்கு அது சுலபமாக இல்லை என்று எனக்குத் தெரியும். முதல் வாரம் வாசலில் நின்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். வாய் துடிக்கும். பிறகு கம்பளியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விடுவார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஸ்வெட்டர் இரண்டிரண்டாக ஆனது. எதிர்வீட்டு அம்மாவிடம், இனிமேல் சாம்பார் வேண்டுமானால் சின்னவளைக் கேளுங்கள் என்று தானாகவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பெரியவர் ரிட்டயரானதும் அந்த வீட்டைத் திருப்பிக் கொடுத்தோம். அக்கா ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி, சுவரைக் கழுவிவிட்டுத்தான் சாவி கொடுத்தார். எங்களுக்குக் குலுக்கலில் ஜனக்புரி தாண்டி ஒரு சின்ன ஃப்ளாட் கிடைத்திருந்தது. பெரியவரும் அக்காவும் பக்கத்திலேயே ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். பத்து வருஷத்தில் பெரியவர் தவறிவிட்டார். பெண்கள் ஒருத்தி பூனாவில், ஒருத்தி மதராஸில். இரண்டு பேரும் கூப்பிட்டார்கள். லோதி ரோடு கொழுந்தனும் காரோடு வந்து நின்றார். அக்கா தன் டிரங்குப் பெட்டியையும் அந்தப் பழுப்பு ஜாடியையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அப்போது அரிசிக்குப் பஞ்சமில்லை. வந்த முதல் நாள், இத்தனை வருஷம் எங்களுக்காக ரொட்டி தின்ற வாய் என்று, நல்ல பொன்னி அரிசியில் சோறு வடித்து வாழையிலை தேடி வாங்கிவந்து போட்டேன். அவர் இலையைப் பார்த்துவிட்டு, "ரொட்டி போடலியாடி?" என்றார். உங்களுக்காகத்தான் அக்கா, இனிமே நீங்க விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றேன். "அடி போடி இவளே. எனக்கு நெசமாவே ரொட்டிதாண்டி பிடிக்கும். இருவது வருஷமா அதத்தானே சொல்லிக்கிட்டுருக்கேன்" என்றார். எழுந்து போய் மாவு பிசைந்தேன்.

ஆனால் என் வீட்டுச் சமையலறைக்குள் நான் அவரை விடவில்லை. வயசானவர், ஓய்வெடுக்கட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காபி கையில் கொடுப்பேன், தட்டு கையில் கொடுப்பேன். அவர் வாசலில் வந்து நிற்பார், உட்காருங்கள் அக்கா என்பேன், போய் உட்காருவார். இப்படி நாலைந்து மாதம். ஒருநாள் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்றபடி கேட்டார்:

"நறுக்கவாச்சும் ஏதாச்சும் குடேண்டி, சின்னவளே."

என் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. நாலு வருஷம் நான் நின்ற இடம் அது.

அவருக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது, கையும் லேசாக நடுங்கும். கத்தியைக் கொடுக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டு, தாளிக்கிற கரண்டியை அவர் கையில் வைத்தேன். வற்றல் குழம்பு வைத்தார். உப்பு ஜாடியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். போட்டாரா, போடவில்லையா என்று மறந்து இரண்டாவது தடவையும் போட்டார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மதியம் எனக்கு அவரே பரிமாறினார். எப்படி இருக்கு என்று கேட்டார். உப்பு கரித்தது. இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினேன்.